யர்ஹம், யுர்ஹம்: அரபு வினையை ஹதீஸ் வழியாப் பிடிக்கலாமா?

வேலந்தாவளம் | 4 ஜனவரி, இரவு 8.50

மீஸான் (அரபு வினைப் பாடநூல்) பட்டியல்ல வர்ற வினைவடிவம் பதினாலும் மூச்சு விடாம வருது. கிதாபைத் திறந்தா ஒரு வினையும் பிடிபடலை. அண்டை வீடு, விருந்தாளி, இரக்கம்னு வர்ற சின்னச் சின்ன ஹதீஸுகளை (நபிமொழிகளை) மனப்பாடம் பண்ணி, அது வழியா வினையைப் படிச்சா சரிப்படுமா? மதரஸாவுல விளக்கம் மலையாளத்துல, வீட்ல பேச்சு தமிழ்ல. தமிழ்லயே சொல்லுங்க.

மீஸான்_புதுநகரம் | 4 ஜனவரி, இரவு 10.20

சரிப்படும். பட்டியலை விட்டுட்டா மட்டும் சரிப்படாது. வினையோட கடைசி எழுத்து எங்க ஆடும், எங்க விழும்னு வாக்கியத்துலதான் தெரியும். பட்டியல்ல எல்லாம் ஒரே ஓசையில ஓடிப்போகும்.

முதல்ல பேச்சுவழக்கைச் சரி பண்ணிக்கலாம். தமிழ்நாடு-கேரள எல்லையில இருக்கற வாளையாருக்குக் கிழக்க ஜபர், ஜேர், பேஷ்னு ஓதறாங்க. மேற்க ஃபத்ஹ் (அ), கஸ்ர் (இ), ளம்ம் (உ). ரெண்டும் ஒண்ணுதான். நான் மேற்கு வழக்குல எழுதறேன்.

தொடக்கத்துக்கு இது: மன் லா யர்ஹம் லா யுர்ஹம். இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது. புகாரி, முஸ்லிம்ங்கற ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு. நபியவர்கள் பேரன் ஹஸனை முத்தமிட்டாங்க. எனக்குப் பத்துப் பிள்ளைங்க, ஒருத்தரையும் முத்தமிட்டதில்லைன்னு அக்ரஃ இப்னு ஹாபிஸ் சொன்னார். அதுக்கு வந்த பதில் இது. அஞ்சே சொல்லு, அதுல ரெண்டு வினை. முதல் வினை செய்வினை, ரெண்டாவது செயப்பாட்டுவினை.

செய்யறது இப்படி. வேர் எழுத்து மூணையும் தனியா எழுதுங்க: ரா, ஹா, மீம். மாளி (இறந்தகாலம்) ரஹிம, முளாரிஃ (நிகழ்காலம், எதிர்காலம்) யர்ஹமு, பாபு (வினை வகை) ஸமிஅ. யர்ஹமு ஏன் யர்ஹம் ஆச்சுன்னு அடுத்த வரியில எழுதணும்: முன்னாடி நிபந்தனைச் சொல்லு 'மன்' நிக்குது, அது ரெண்டு வினைக்கும் ஸுகூன் (உயிரோசை இல்லாத நிலை) கொடுக்கும். அப்புறம் இந்த ஒரு வினைக்கு மட்டும் பதினாலு ஸீஃகாவும் (வினைவடிவமும்) வாய்விட்டு ஓதுங்க, செய்வினையில ஒரு தடவை, செயப்பாட்டுவினையில ஒரு தடவை. இருபத்தெட்டு ஆச்சு. ஒரு நாளைக்கு இது போதும். ரெண்டாவது ஹதீஸை அன்னிக்கே தொட்டா ரெண்டும் கலங்கும்.

செங்கோட்டை | 5 ஜனவரி, காலை 6.35

ஸுகூன் மட்டும்னு அடிச்சுச் சொல்லாதீங்க பாய். லா யர்ஹமு, லா யுர்ஹமுன்னு ளம்மோடவும் ரிவாயத் (அறிவிப்பு) இருக்கு. அப்போ 'மன்' நிபந்தனைச் சொல்லு இல்லை, 'எவனோ அவன்'ங்கற பொருள்ல வர்ற மவ்ஸூல்.

மீஸான்_புதுநகரம் | 5 ஜனவரி, இரவு 9.05

உண்மைதான், விட்டுப்போச்சு. புதுசாப் படிக்கறவங்க ஸுகூனை முதல்ல பிடிங்க, ளம்ம் அடுத்த வாரம். நிறுத்தி ஓதும்போது கடைசி யுர்ஹம் எப்படியும் ஸுகூனாத்தான் கேட்கும். வித்தியாசம் முதல் யர்ஹம்லதான் காதுக்குத் தெரியும். அதனால ஓதறதோட நிக்காம ஹரகத் (உயிர்க்குறி) போட்டு எழுதியும் பாருங்க.

வேலந்தாவளம் | 7 ஜனவரி, இரவு 9.30

யு-ல தொடங்கினா செயப்பாட்டுவினைன்னு வச்சுக்கலாமா?

மீஸான்_புதுநகரம் | 7 ஜனவரி, இரவு 10.10

கூடாது. எல்லாரும் விழற குழி அது. ஃபல்யுக்ரிம் ஜாரஹு, அண்டை வீட்டாரைக் கண்ணியப்படுத்தட்டும். இதுலயும் யு-தான், ஆனா செய்வினை. இது சேர்ற இஃப்ஆல் பாபுல முளாரிஃ எப்பவும் ளம்மோடதான் தொடங்கும். தஃப்ஈல், முஃபாஅலாங்கற மத்த ரெண்டு பாபும் அப்படித்தான். பார்க்க வேண்டியது கடைசிக்கு முந்தின எழுத்தை. அங்க கஸ்ர் இருந்தா செய்வினை: யுக்ரிமு. ஃபத்ஹ் இருந்தா செயப்பாட்டுவினை: யுக்ரமு. யுர்ஹமுவுல அந்த இடத்துல ஃபத்ஹ்.

யர்ஹமுவுல ஏற்கெனவே நடு எழுத்து ஃபத்ஹ்ங்கறதால முதல் எழுத்து மாறறது மட்டும்தான் கண்ணுல படுது. அதான் யு-வைப் பார்த்து முடிவு கட்டிடறோம்.

அந்த ஹதீஸையே அடுத்த பாடமா வச்சுக்கலாம். நவவி இமாமோட 'நாற்பது'ங்கற ஹதீஸ் தொகுப்புல பதினஞ்சாவது. (பேருதான் நாற்பது, உள்ள இருக்கறது 42. அவர் ஷாஃபி, நம்ம ராவுத்தர் வீடுங்க ஹனஃபி. வினைக்கு மத்ஹபு (சட்டப்பள்ளி) கிடையாது.) மன் கான யுஃமினு பில்லாஹி வல்யவ்மில் ஆகிரி ஃபல்யகுல் கைரன் அவ் லியஸ்முத். அல்லாவையும் மறுமை நாளையும் நம்பறவன் நல்லதைப் பேசட்டும், இல்லேன்னா சும்மா இருக்கட்டும்.

இதுல வர்றது லாமுல் அம்ரு. தமிழ்ல '-அட்டும்'. இலக்கணத்துல ஏவல், வியங்கோள்னு பிரிப்போமே, அம்ரு ஏவல், லாமுல் அம்ரு வியங்கோள்னு வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. அந்த லாம் தனியா வந்தா கஸ்ர்: லியஸ்முத். முன்னால ஃபா ஒட்டிக்கிட்டா பெரும்பாலும் ஸுகூன்: ஃபல்யகுல். வினைக்கடைசி ரெண்டுலயும் ஸுகூன். யகூலுவோட கடைசிக்கு ஸுகூன் வந்ததும் ரெண்டு ஸுகூன் பக்கத்துல பக்கத்துல நிக்க முடியாம நடுவுல வாவ் விழுந்து யகுல் ஆகுது. இந்த ஒரு விழுகையைப் புரிஞ்சுக்கிட்டா நடு எழுத்து நோய்ப்பட்ட வினை எல்லாத்துலயும் இதே கதைதான்.

ஆணச்சட்டி | 8 ஜனவரி, பகல் 1.15

'கைருகும் கைருகும் லிஅஹ்லிஹி'யைச் சேர்க்கலையே? குடும்பத்துக்கு நல்லவன்தான் உங்கள்ல நல்லவன். எவ்வளவு அழகு.

மீஸான்_புதுநகரம் | 8 ஜனவரி, பகல் 1.40

அழகுதான். ஒரு வினைகூட இல்லையே.

கணவாய்க்காற்று | 11 ஜனவரி, மாலை 5.20

லா (எதிர்மறைச் சொல்லு) பத்தி ஒண்ணு. நாற்பதுல 35-ஆவது ஹதீஸ் ஒண்ணே போதும், ரெண்டு வகை லாவும் அதுக்குள்ளயே இருக்கு. லா தஹாஸதூ, வலா தநாஜஷூ, வலா தபாகளூ, வலா ததாபரூ. இது நஹ்யு, தமிழ்ல '-ஆதீர்கள்'. பொறாமைப்பட்டுக்காதீங்க, ஏலத்துல வாங்கற எண்ணம் இல்லாம விலையை ஏத்திவிட்டுக்காதீங்க, பகைச்சுக்காதீங்க, முதுகு காட்டிக்காதீங்க.

அதே ஹதீஸ்ல கொஞ்சம் தள்ளி: லா யள்லிமுஹு, வலா யக்துலுஹு, வலா யஹ்கிருஹு. இது நஃப்யு, தமிழ்ல '-மாட்டான்'. அநீதி செய்யமாட்டான், கைவிடமாட்டான், இழிவா நினைக்கமாட்டான். மொழிபெயர்ப்புங்கள்ல இதையும் 'செய்யக்கூடாது'ன்னு போட்டிருப்பாங்க. கருத்து அதுதான், ஆனா வினைக்கடைசியைப் பாருங்க, ளம்ம் கழலாம நிக்குது. மொழிபெயர்ப்பை வச்சு ஹரகத் போட்டா ஸுகூன் போட்டுடுவீங்க.

முதல் நாலும் தஃபாஉல் பாபு. அசல்ல ததஹாஸதூ, ததநாஜஷூ. ரெண்டு தா சேர்ந்து வந்ததால ஒண்ணை உதிர்த்துட்டாங்க. அது தெரியாம அகராதியில தா-வுக்குக் கீழ தேடினா விடிய விடியத் தேடலாம். வேர் ஹஸத, நஜஷ, பகள, தபர.

செங்கோட்டை | 11 ஜனவரி, இரவு 7.00

யக்துலுஹுன்னு தமிழ்ல எழுதிட்டீங்க. கொல்லமாட்டான்ங்கறதையும் அப்படியேதான் எழுதணும், யக்துலு. கைவிடறதுல கா, தால் (புள்ளி வச்சது), லாம். கொல்றதுல காஃப், தா, லாம். தமிழெழுத்துல ரெண்டு பேரும் ஒரே ஆளு.

கணவாய்க்காற்று | 11 ஜனவரி, இரவு 7.25

சகோதரனைக் கொல்லவும் மாட்டான்தானே, கருத்து கெடலை.

மீஸான்_புதுநகரம் | 11 ஜனவரி, இரவு 9.50

சிரிப்பு இருக்கட்டும், விஷயம் பெருசு. நோட்டுல தமிழெழுத்துல எழுதிப் படிக்கவே படிக்காதீங்க. இந்த இழையிலயே பாருங்க, ஆய்தத்தை மூணு வேலைக்கு வச்சிருக்கோம். யுஃமினுவுல அது ஹம்ஸா. முளாரிஃல அது ஐன். ஃபல்யகுல்ல ஃபா-வோட முன்பாதி. ஹா ரெண்டுக்கும் ஒரே ஹ. ஸீன், ஸாத், ஸே மூணுக்கும் ஒரே ஸ. மலையாள எழுத்து தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சம் தேவலாம், த வர்க்கமும் க வர்க்கமும் நிறைய இருக்கு. அங்கயும் குர்ஆன்ல வர்ற காஃபுக்கும் கலீஃபாவுல வர்ற கா-வுக்கும் க வர்க்கத்து ரெண்டாவது எழுத்தையேதான் போடறாங்க. வேர் மூணெழுத்தையாவது அரபியிலயே எழுதுங்க. வேர் தப்பினா அகராதியில வேற வீட்டுக் கதவைத் தட்டுவீங்க.

மீஸான்_புதுநகரம் | 12 ஜனவரி, காலை 6.10

ராத்திரி விட்டது. தஃபாஉலுக்கு நம்ம தமிழ்லயே நல்ல துணை இருக்கு. 'பகைச்சுக்காதீங்க'ல வர்ற 'கொள்' அதேதான், ஒருத்தருக்கொருத்தர். இஃப்ஆலுக்கும் தஃப்ஈலுக்கும் தன்வினை பிறவினை உதவும்: திருந்து, திருத்து. வருந்து, வருத்து. ஆனா 'கொள்'ளை ரொம்ப நம்பாதீங்க. தனக்குத்தானே செஞ்சுக்கறதுக்கும் தமிழ்ல கொள்தான், அரபியில அது பெரும்பாலும் தஃபஉல், இஃப்திஆல்ங்கற வேற பாபுகளுக்குப் போயிடும்.

வேலந்தாவளம் | 15 ஜனவரி, இரவு 8.15

எந்த வரிசையில எடுக்கறதுன்னு ஒரு பட்டியல் போடுங்களேன்.

மீஸான்_புதுநகரம் | 15 ஜனவரி, இரவு 11.00

பாபு வரிசையில.

முஜர்ரத் (வேருக்கு மேல எழுத்து கூடாத வினை): லா தக்ளப், கோபப்படாதே. (ளாத் நம்ம பக்கம் ள-வாத்தான் வரும், ரமளான், களா மாதிரி.)

தஃப்ஈல்: யஸ்ஸிரூ வலா துஅஸ்ஸிரூ, வபஷ்ஷிரூ வலா துனஃப்பிரூ. எளிதாக்குங்க, கஷ்டப்படுத்தாதீங்க, நற்செய்தி சொல்லுங்க, வெருட்டாதீங்க. அம்ரும் நஹ்யும் ஜோடி ஜோடியா வருது, ஷத்து (இரட்டிப்புக் குறி) நடு எழுத்துல உட்கார்ந்திருக்கு. தஃப்ஈலுக்கு இதைவிடச் சுருக்கமா ஒண்ணு சொல்ல எனக்கு வரலை.

இஃப்ஆல்: லா யுஃமினு அஹதுகும் ஹத்தா யுஹிப்ப லிஅகீஹி மா யுஹிப்பு லிநஃப்ஸிஹி. தனக்கு விரும்பறதைச் சகோதரனுக்கும் விரும்பற வரைக்கும் உங்கள்ல ஒருத்தரும் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டவராக மாட்டார். ஒரே வினை ரெண்டு தடவை வருது. ஹத்தாவுக்குப் பின்னால யுஹிப்ப, மா-வுக்குப் பின்னால யுஹிப்பு. ஹத்தா வந்தா முளாரிஃ ஃபத்ஹ், இதை மனசுல வச்சுக்குங்க.

தஃபாஉல்: மேல சொன்ன 35. கூடவே தஹாதூ தஹாப்பூ, அன்பளிப்புக் கொடுத்துக்குங்க, நேசிச்சுக்குவீங்க.

நாலு பாபு ஒரே இடத்துல வேணும்னா நாற்பதுல 18: இத்தகில்லாஹ ஹைஸுமா குன்த, வஅத்பிஇஸ் ஸய்யிஅதல் ஹஸனத தம்ஹுஹா, வகாலிகின் னாஸ பிகுலுகின் ஹஸன். எங்க இருந்தாலும் அல்லாவை அஞ்சு, தீமைக்குப் பின்னாலேயே நன்மையைச் செய், அது இதை அழிச்சிடும், மக்கள்கிட்ட நல்ல குணத்தோட பழகு. இத்தகி இஃப்திஆல், அத்பிஃ இஃப்ஆல், தம்ஹு முஜர்ரத், காலிக் முஃபாஅலா. தம்ஹூல கடைசி வாவ் போயிருக்கு, ஏவலுக்கு விடையா வந்ததால ஜஸ்ம் (வினைக்கடைசி வெட்டுப்படற நிலை). காலிக்கைப் பார்த்ததும் 'படைத்தவன்'னு படிச்சிடாதீங்க. எழுத்து அச்சு அசலா அதேதான். இங்க அது 'பழகு'ங்கற ஏவல், அதனாலதான் அடுத்து நாஸ ஃபத்ஹோட செயப்படுபொருளா வருது.

ஒரு குறை. இந்த மாதிரி ஹதீஸெல்லாம் கட்டளையும் படர்க்கையும்தான். இருமை கிடைக்காது, தன்மை கிடைக்காது, பெண்பால் கிடைக்காது. அதுக்குப் பட்டியலைத்தான் நம்பணும்.

செங்கோட்டை | 16 ஜனவரி, காலை 6.20

மூணுமே கிடைக்கும் பாய்.

இருமை: நீங்க போட்ட யஸ்ஸிரூவே. நபியவர்கள் தோழர்கள் முஆதையும் அபூ மூஸாவையும் யமனுக்கு அனுப்பினப்போ ரெண்டு பேர்ங்கறதால யஸ்ஸிரா வலா துஅஸ்ஸிரா, வபஷ்ஷிரா வலா துனஃப்பிரா, வததாவஆ. புகாரியிலயே இருக்கு. ஊ எடுத்துட்டு ஆ போட்டா இருமை. இதைவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும்?

தன்மை: மா ஸால ஜிப்ரீலு யூஸீனீ பில்ஜாரி ஹத்தா ளனன்து அன்னஹு ஸயுவர்ரிஸுஹு. அண்டை வீட்டாரைப் பத்தி வானவர் ஜிப்ரீல் எனக்கு வலியுறுத்திக்கிட்டே இருந்தார், அண்டை வீட்டாருக்குச் சொத்துல பங்கே வச்சிடுவார்னு நான் நினைக்கிற அளவுக்கு. ளனன்து தன்மை. ளன்னவுல ஒட்டிக் கிடந்த ரெண்டு நூன் இங்க பிரிஞ்சு நிக்குது, பின்னால வந்த தா முன்னெழுத்துக்கு ஸுகூன் கேட்கறதால. ஸ முன்னொட்டு எதிர்காலம். வர்ரஸ தஃப்ஈல். இன்னொண்ணு, ஹத்தாவுக்குப் பின்னால இங்க மாளி. ஹத்தா வந்தா ஃபத்ஹ்னு மனசுல வச்சவங்க கதி என்ன?

பெண்பால்: லா தஹ்கிரன்ன ஜாரதுன் லிஜாரதிஹா வலவ் ஃபிர்ஸின ஷாத். ஆட்டுக் குளம்பே ஆனாலும் ஒரு பக்கத்து வீட்டுக்காரி இன்னொருத்திக்குக் கொடுக்கறதை இழிவா நினைக்கவேண்டாம். வேர் 35-ல பார்த்த யஹ்கிருவேதான், கடைசியில அழுத்தத்துக்கு நூன் ஷத்தோட.

மீஸான்_புதுநகரம் | 16 ஜனவரி, இரவு 8.40

ஒத்துக்கிட்டேன். ஹத்தா விதியை இப்படித் திருத்திக்குங்க: ஹத்தாவுக்குப் பின்னால இனிமே நடக்கப்போறதைச் சொல்ற முளாரிஃ வந்தா ஃபத்ஹ். மாளி வந்தா ஹத்தா அதை ஒண்ணும் செய்யாது.

பெண்பால் பன்மை?

கணவாய்க்காற்று | 16 ஜனவரி, இரவு 8.55

யா மஃஷரன் நிஸா, தஸத்தக்ன. பெண்களே தர்மம் செய்யுங்க. தஃபஉல் பாபு, பெண்பால் பன்மை ஏவல்.

மீஸான்_புதுநகரம் | 16 ஜனவரி, இரவு 9.00

பெண்பால் இருமை ஒண்ணு மிச்சம். அது பட்டியல்லயே இருந்துட்டுப் போகட்டும்.

ஆணச்சட்டி | 20 ஜனவரி, பகல் 2.30

15-ஆம் தேதிக் குறிப்புல தஹாதூன்னு இருக்கே. தஹாதவ் இல்லையா? தஹாதா, யதஹாதா, கடைசி அலிஃபு. ஊ வந்து சேரும்போது அலிஃபு விழுந்தாலும் தாலோட ஃபத்ஹ் அங்கயே நிக்கணும். அதனால தவ். தஹாப்பூவுல கடைசி பா ஷத்தோட முழு எழுத்து, அதனால அங்க ஊ சரி.

மீஸான்_புதுநகரம் | 20 ஜனவரி, இரவு 9.15

தஹாதவ்தான். பக்கத்துல தஹாப்பூ நிக்குது, வாய் தானா ஓசைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. மனப்பாடத்துல வர்ற கேடு இது, எதுகை நல்லா இருந்தா ஹரகத் செத்துடும். பழைய குறிப்பைத் திருத்த வழியில்லை, அப்படியே கிடக்கட்டும். இதுல ஹா-வும் வேற வேற: தஹாதவ்ல வெறும் மூச்சு ஹா, தஹாப்பூவுல தொண்டை அழுந்தற ஹா.

செங்கோட்டை | 23 ஜனவரி, காலை 6.00

பொறி ஒண்ணு சொல்லி வைக்கறேன், சலாம் ஹதீஸை எடுக்கறவங்களுக்கு. லா தத்குலூனல் ஜன்னத ஹத்தா துஃமினூ, வலா துஃமினூ ஹத்தா தஹாப்பூ. ரெண்டாவது துஃமினூவுக்கு முன்னால ஹத்தா இல்லை, லா நஃப்யு. கணக்குப்படி துஃமினூனன்னு நூன் இருக்கணும். அச்சுப்பிழைன்னு நினைச்சுத் திருத்திடாதீங்க. ரிவாயத்ல நூன் இல்லாமதான் வந்திருக்கு, அது தெரிஞ்ச சரியான வழக்குதான்னு முஸ்லிம் விரிவுரையில நவவியே எழுதியிருக்கார். நூன் விழற விதியைப் படிக்கறவங்க முதல் மாசத்துல இதைத் தொடாம இருக்கறது நல்லது. அதே ஹதீஸ்ல தஹாபப்தும் வருது, தஹாப்பூவுல ஒட்டின பா இங்க பிரிஞ்சிருக்கு. ளனன்து மாதிரியேதான்.

வேலந்தாவளம் | 29 ஜனவரி, இரவு 8.45

வல்லாஹி லா யுஃமினு, மூணு தடவை. யாருன்னு கேட்டதுக்கு, அல்லதீ லா யஃமனு ஜாருஹு பவாஇகஹு. இதுல யுஃமினு, யஃமனு ரெண்டும் ஒரே வேரா?

மீஸான்_புதுநகரம் | 29 ஜனவரி, இரவு 9.20

ஒரே வேர், ஹம்ஸா, மீம், நூன். யஃமனு முஜர்ரத், ஸமிஅ பாபு, அச்சமில்லாம இருக்கறது. யுஃமினு இஃப்ஆல், ஈமான் கொள்றது. எவனோட தொல்லையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் அச்சமில்லாம இருக்க முடியலையோ அவனுக்கு ஈமான் இல்லை. ரெண்டு ஹரகத்தை மாத்தி அண்டை வீட்டுக்காரனோட அமனையும் இவனோட ஈமானையும் ஒரே வேர்ல கட்டியிருக்கு. தமிழாக்கத்துல இது வரவே வராது. இந்த ஒரு இடத்துக்காகவே வினை படிக்கலாம்.

வேலந்தாவளம் | 2 பிப்ரவரி, இரவு 8.30

கடைசியா ஒண்ணு. இதா தபக்த மரகதன் ஃபஅக்ஸிர் மாஅஹா வதஆஹத் ஜீரானக. ஆணம் (குழம்பு) காய்ச்சினா தண்ணியைக் கூட்டி ஊத்து, பக்கத்து வீட்டாரைக் கவனிச்சுக்க. இதுல ஏன் அக்ஸிரூ, தஆஹதூன்னு வரலை?

மீஸான்_புதுநகரம் | 2 பிப்ரவரி, இரவு 9.10

நபியவர்கள் அபூ தர்ங்கற தோழர் ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னது, அதனால ஒருமை. இதையே பயிற்சியா வச்சுக்குங்க, நாலு விதமா மாத்தி எழுதிப் பாருங்க. பன்மை: இதா தபக்தும், ஃபஅக்ஸிரூ, வதஆஹதூ ஜீரானகும். இருமை: தபக்துமா, அக்ஸிரா, தஆஹதா ஜீரானகுமா. ஒருத்திகிட்ட சொன்னா: தபக்தி, அக்ஸிரீ, தஆஹதீ ஜீரானகி. பெண்பால் பன்மை: தபக்துன்ன, அக்ஸிர்ன, தஆஹத்ன ஜீரானகுன்ன. ஈறு மாறும்போது பின்னால ஒட்டற க-வும் கூடவே மாறணும், அதைத்தான் மறப்பாங்க. மாஅஹாவை மட்டும் தொடாதீங்க, அந்த ஹா ஆணத்தைக் குறிக்குது, ஆளை இல்லை.

ஆணச்சட்டி | 2 பிப்ரவரி, இரவு 9.25

தண்ணி எத்தனை டம்ளர்னு இருக்கா?

மீஸான்_புதுநகரம் | 2 பிப்ரவரி, இரவு 9.30

அக்ஸிர்னு மட்டும்தான் இருக்கு. உப்பை அப்புறம் பார்த்துப் போடுங்க.